பாடம் 7: பவுசர் சாரதி வேலை – கைத்திறன் உள்ளவர்கள் வேலையைத் தேடும் வழி



மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றில் கனரக வாகனம் ஓடத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவர் பாடசாலையிலோ பயிற்சி நிலையத்திலோ அதைப் படித்தவரல்ல. போர்க்காலத்தில் இயக்கத்தில் இருந்தபோது லொறி, உழவு இயந்திரம், தண்ணீர்த் தாங்கி ஏற்றிய வாகனம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஓடிப் பழகியவர். இப்போது புனர்வாழ்வு முடித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். கைத்திறன் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டக் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நாட்கூலிக்குப் போவதும் வேலையில்லாமல் வீட்டில் இருப்பதுமாக மாதங்கள் போகின்றன.

2009ஆம் ஆண்டின் பின்னர் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு, கட்டம் கட்டமாகக் குடும்பங்களுடன் இணைக்கப்பட்டனர். அவர்களுள் சாரதிகளாக இருந்தவர்களுக்கும், அவர்களது மனைவி, பெற்றோர், சகோதரருக்குமாக இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. வாகனம் ஓடப் பழகிய பெண்களுக்கும் இதில் உள்ள அனைத்தும் பொருந்தும்.

இப்பாடம் சொல்வது இரண்டு விடயங்கள். முதலாவது, உங்களிடம் உள்ள திறனைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் ஆவணமாக மாற்றுவது எப்படி. இரண்டாவது, போர்க்கால ஓட்டத்தில் பழகியவற்றுள் எதைக் கொண்டுவருவது, எதை விட்டுவிடுவது. இரண்டாவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வேலை கிடைப்பது முதலாவதில் தங்கியிருக்கிறது. வேலையிலிருந்து உயிரோடு வீடு திரும்புவது இரண்டாவதில் தங்கியிருக்கிறது.

1. எந்தெந்தப் பவுசர்களுக்குச் சாரதி தேவை?

"பவுசர்" என்றவுடன் பெற்றோல் பவுசர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் எமது மாவட்டங்களில் பல வகைப் பவுசர்கள் ஓடுகின்றன.

தண்ணீர்ப் பவுசர்: பிரதேச சபைகள், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, தொண்டு நிறுவனங்கள், தனியார் ஆகியோரிடம் உண்டு. பூநகரி, தீவகம் போன்று நிலத்தடி நீர் உவராக உள்ள இடங்களில் வறட்சி மாதங்களில் குடிநீர் பவுசரில்தான் வருகிறது. சிறிய பவுசர்கள் உழவு இயந்திரத்தில் பூட்டி இழுக்கப்படுகின்றன.

வீதி வேலைப் பவுசர்: வீதி அமைக்கும் ஒப்பந்தகாரர்கள் கிரவலை இறுக்குவதற்கும் தூசி அடக்குவதற்கும் தண்ணீர் தெளிக்கிறார்கள். வீதி வேலை நடக்கும் இடங்களில் இந்த வேலைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

கழிவகற்றும் பவுசர்: மலசலகூடக் குழிகளை உறிஞ்சி எடுக்கும் வண்டி. மக்கள் இதைக் "கலி பவுசர்" என்பர். உள்ளூராட்சிச் சபைகளிடமும் தனியாரிடமும் உண்டு. பலர் இந்த வேலைக்கு வரத் தயங்குவதால் போட்டி குறைவு.

பால் பவுசர்: பால் சேகரிப்பு நிலையங்களிலிருந்து குளிரூட்டிய பாலைக் கொண்டு செல்வது. நேரந்தவறாமையும் தாங்கியின் சுத்தமும் இங்கு மிக முக்கியம்.

எரிபொருள் பவுசர்: இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் களஞ்சியங்களிலிருந்தோ தனியார் நிறுவனக் களஞ்சியங்களிலிருந்தோ எரிபொருள் நிரப்பு நிலையங்களுக்குச் செல்பவை. 6,600, 13,200, 19,800, 33,000 லீற்றர் என்ற அளவுகளில் இவற்றைக் காணலாம். சம்பளம் பொதுவாகக் கூட. பொறுப்பும் ஆபத்தும் கூட. அனுபவம் இல்லாதவரிடம் முதல் நாளே இந்த வண்டியை எவரும் ஒப்படைக்க மாட்டார்கள்.

ஆகவே தண்ணீர்ப் பவுசரில் அல்லது வீதி வேலைப் பவுசரில் தொடங்குவதே நல்லது. ஓரிரு வருடம் விபத்தில்லாமல் ஓடி, முதலாளியிடமிருந்து சேவைச் சான்றிதழ் பெற்றால், எரிபொருள் பவுசர் உரிமையாளரிடம் போய்க் கேட்பதற்கு அது பலமாக இருக்கும். முதலில் உதவியாளராக, அதாவது கிளீனராகச் சேர்ந்து, பின்னர் சாரதி ஆனவர்களும் பலர்.

2. சாரதி அனுமதிப்பத்திரம்

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கிய சாரதி அனுமதிப்பத்திரம் மட்டுமே செல்லுபடியாகும். வேறு எந்த அமைப்பு அக்காலத்தில் எதை வழங்கியிருந்தாலும் அதைக் கொண்டு இன்று வாகனம் ஓட முடியாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வழமையான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வருடம் ஓடியவருக்குச் செயன்முறைப் பரீட்சை கடினமாக இராது.

அனுமதிப்பத்திரத்தில் வாகன வகுப்புகள் எழுத்துக்களால் குறிக்கப்படும். பவுசர் வேலைக்குத் தேவையானவை இவை:

• ஜீ வகுப்பு – உழவு இயந்திரம். உழவு இயந்திரத்தில் பூட்டிய தண்ணீர்ப் பவுசருக்கு இது வேண்டும்.
• சீ-1 வகுப்பு – மொத்த நிறை 17,000 கிலோகிராமுக்கு உட்பட்ட லொறி. சிறிய, நடுத்தரப் பவுசர்கள் இதில் அடங்கும்.
• சீ வகுப்பு – மொத்த நிறை 17,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட லொறி.
• சீ-ஈ வகுப்பு – இழுவைப் பெட்டியுடன் கூடிய கனரக வாகனம். 33,000 லீற்றர் போன்ற நீண்ட பவுசர்களுக்கு இது தேவைப்படும்.

மொத்த நிறை என்பது வண்டியின் நிறையும் அதில் ஏற்றக்கூடிய பாரமும் சேர்ந்தது. வெறும் வண்டியின் நிறையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

முன்னர் அனுமதிப்பத்திரம் எதுவும் பெறாதவர் முதலில் இலகுரக வாகன அனுமதிப்பத்திரத்தைப் பெற்று, அதன் பின்னரே கனரகத்துக்குச் செல்ல வேண்டும். இடையில் காலம் செல்லும். ஆகவே இன்றே இலகுரகத்தைத் தொடங்கி, காத்திருக்கும் காலத்தில் உதவியாளராகவோ சிறிய வாகனச் சாரதியாகவோ வேலை செய்யுங்கள். உங்கள் வயதுக்கும் தற்போதைய அனுமதிப்பத்திரத்துக்கும் எந்த வகுப்பு உடனே கிடைக்கும் என்பதை, லேர்னர்ஸ் பாடசாலைக்குப் பணம் கட்டுமுன் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு அறியுங்கள்.

படிமுறை இதுதான்: மருத்துவச் சான்றிதழ், விண்ணப்பம், எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதிப்பத்திரம், பயிற்சி, செயன்முறைப் பரீட்சை. எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். வீதிச் சமிக்ஞைகளைப் பற்றிய கேள்விகள் அதில் வரும். வீதிக் குறியீடுகளோ சமிக்ஞை விளக்கோ இல்லாத இடங்களில் வருடக்கணக்காக ஓடியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்தப் பரீட்சையில்தான். வீட்டில் பத்தாம், பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், இரவில் அரை மணி நேரம் கேள்விகளைக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

முன்னர் அனுமதிப்பத்திரம் பெற்று இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியைப் பெற்று, இணைப்பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பழைய அனுமதிப்பத்திரத்தின் இலக்கம், புகைப்படப் பிரதி, பழைய காப்புறுதிக் கடதாசி என்று எது கையில் இருந்தாலும் கொண்டு செல்லுங்கள்.

3. கோவையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஒரு பிளாஸ்ரிக் கோவை வாங்கி, பின்வருவனவற்றை அதில் இடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதிகள் எடுத்து வையுங்கள். மூலப் பிரதியை எவரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

• தேசிய அடையாள அட்டை
• பிறப்புச் சான்றிதழ்
• சாரதி அனுமதிப்பத்திரம்
• புனர்வாழ்வுப் பணியகம் வழங்கிய விடுவிப்புச் சான்றிதழ்
• கிராம அலுவலரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரம் – பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன்
• பாடசாலை விடுகைப் பத்திரம் அல்லது கல்விச் சான்றிதழ்
• புனர்வாழ்வு நிலையத்தில் தொழிற்பயிற்சி பெற்றிருந்தால் அதன் சான்றிதழ்
• முன்னர் வேலை செய்த இடத்தின் சேவைக் கடிதம்

அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இல்லாதவர்கள் முதலில் அவற்றைப் பெற வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். அடையாள அட்டை விண்ணப்பம் கிராம அலுவலர் ஊடாகச் செல்லும். இவை பற்றி இக்கைந்நூலின் முன்னைய பாடங்களில் விளக்கியுள்ளோம்.

தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற நிறுவனங்கள் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்களை வழங்குகின்றன. அனுபவத்தால் தொழில் கற்றவர்களைப் பரீட்சித்து அத்தகைமையை வழங்கும் முறையும் உண்டு. இயந்திரம் திருத்தத் தெரிந்த சாரதிகள், வாகனத் திருத்துநருக்கான தகைமையைப் பெற முடியுமா என மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். நடுவழியில் நின்ற வண்டியைத் தானே ஓடச் செய்யும் சாரதியை எந்த முதலாளியும் விரும்புவார்.

4. மருத்துவப் பரிசோதனை

கனரக அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் தேவை. கண்பார்வை, செவிப்புலன், கைகால் அசைவு, இரத்த அழுத்தம் முதலியன பார்க்கப்படும். கனரக அனுமதிப்பத்திரம் 4 வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், இந்தப் பரிசோதனை ஒரு தடவையோடு முடிவதில்லை.

உடம்பில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள், வெடிச்சத்தத்தால் ஒரு காது மந்தமானவர்கள், காலில் பழைய காயம் உள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். காயம் இருப்பதாலேயே தகுதி இல்லாமல் போகாது. வைத்தியர் பார்ப்பது, பிறேக்கை முழுப் பலத்துடன் மிதிக்க முடியுமா, பக்கவாட்டில் வருவது தெரிகிறதா என்பதைத்தான். மறைக்காமல் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டு செல்லுங்கள்.

உறக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் திடுக்கிட்டு எழுதல், மீண்டும் மீண்டும் வரும் கனவு, சத்தம் கேட்டால் உடல் நடுங்குதல் ஆகியவை போருக்குள் வாழ்ந்தவர்களுக்கு வரக்கூடியவை. இவற்றுக்கு மருந்து உண்டு, ஆலோசனை உண்டு. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவது பைத்தியம் என்பதன் அடையாளமல்ல. ஆனால் உறங்காத இரவின் மறுநாள் பத்துத் தொன் பாரத்துடன் வீதியில் இறங்குவது ஆபத்து. உறக்க மாத்திரை எடுப்பவர்கள், எத்தனை மணி நேரத்தின் பின்னர் வாகனம் ஓடலாம் என வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

5. பவுசர் ஓட்டமும் லொறி ஓட்டமும்

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம். 5,000 லீற்றர்ப் பவுசர் நிறைந்தால் தண்ணீர் மட்டும் 5 தொன். லொறியில் 5 தொன் சீமெந்து ஏற்றினால் அது வைத்த இடத்தில் இருக்கும். தண்ணீர் இருக்காது. பிறேக் பிடித்தால் முன்னுக்குப் பாயும். வளைவில் திருப்பினால் எதிர்ப்பக்கம் சாயும். வண்டி நின்ற பின்னரும் உள்ளே தளம்பி வண்டியை உந்தும்.

முழுதாக நிறைந்த தாங்கியைவிடப் பாதி நிறைந்த தாங்கியில் தளம்பல் அதிகம். தண்ணீர் அசைவதற்கு இடம் இருப்பதே காரணம். இரண்டு கிராமத்துக்கு இறக்கிவிட்டு மூன்றாவது கிராமத்துக்குப் போகும்போது "பாரம் குறைந்துவிட்டது, கொஞ்சம் விரைவாகப் போகலாம்" என்று நினைப்பது தவறு. அந்த நேரத்தில்தான் நிதானம் கூடுதலாகத் தேவை. நல்ல தாங்கிகளின் உள்ளே துளையுள்ள தடுப்புத் தகடுகள் இருக்கும். அவை முன்பின் பாய்ச்சலைக் குறைக்கும், பக்கவாட்டுச் சாய்வை அவ்வளவாகக் குறைக்கா. ஒரு வண்டியைப் பொறுப்பேற்கும்போது உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியவர் 60இல் ஓடினால், நிற்பதற்கு இரண்டு மடங்கு தூரம் போதும் என நினைக்கக் கூடாது.

போர்க்கால ஓட்டத்தில் பழகியது வேறு. விளக்கில்லாமல் இரவில் ஓடுவது, குண்டுவீச்சுக்கு முன் தப்ப வேகமாகப் போவது, வீதி இல்லாத இடத்தால் இறங்கிப் போவது, பழுதான பிறேக்குடனும் சமாளிப்பது என்பவை அன்று உயிரைக் காத்தன. இன்று அதே பழக்கங்கள் உயிரை எடுக்கும்.

கொண்டுவர வேண்டியவை: காலையில் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம், இயந்திரச் சத்தத்தில் பழுதைக் கண்டறியும் காது, சேற்றில் புதையாமல் எடுக்கும் நுட்பம், சொன்ன நேரத்துக்கு நிற்கும் ஒழுங்கு, பதற்றத்தில் அமைதியாக இருத்தல்.

விட்டுவிட வேண்டியவை: வேகம், "எப்படியும் சமாளிப்பேன்" என்ற எண்ணம், இரவில் உறங்காமல் ஓடுவதைப் பெருமையாக நினைத்தல், பழுதைச் சொல்லாமல் மறைத்தல்.

பிறேக் சரியில்லை என்றால் "வண்டியை எடுக்க முடியாது, ஐயா" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கட்டளையை மறுத்துப் பேசிப் பழகாத ஒருவருக்கு இந்த வாக்கியம் வாயில் வருவது கடினம். ஆனாலும் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

6. உயிர் காக்கும் விதிகள்

குடிநீர்: எரிபொருளோ இரசாயனமோ கழிவோ ஏற்றிய தாங்கியில் குடிநீர் ஏற்ற வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் ஏற்ற வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் என்பது நிவாரணப் பணிகளில் பின்பற்றப்படும் அளவு. அப்படிப் பார்த்தால் ஒரு 5,000 லீற்றர்ப் பவுசரை நம்பி 330 பேருக்கு மேல் இருக்கிறார்கள். குளோரின் இட்டு, அளவைப் பரிசோதித்த தண்ணீரையே விநியோகியுங்கள். இறக்கும் குழாயின் வாய் நிலத்தில் படாமல் மூடி வையுங்கள்.

கழிவு: கழிவுத் தாங்கிக்குள்ளோ மலசலகூடக் குழிக்குள்ளோ எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். உள்ளே ஒட்சிசன் குறைவாகவும் நச்சு வாயு நிறைந்தும் இருக்கும். கூழ்முட்டை மணத்துடன் வரும் அந்த வாயு, செறிவு கூடும்போது மூக்கின் மணக்கும் சக்தியையே நிறுத்திவிடும். மணம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் அதே இடத்தில் மயங்குவார். விழுந்தவரைத் தூக்க உடனே இறங்குபவரும் விழுவார். உதவியாளர் விழுந்தால் கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள், 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். நீங்கள் இறங்க வேண்டாம்.

எரிபொருள்: வெறுமையான பெற்றோல் தாங்கி பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் திரவம் போன பின்னர் உள்ளே நிறைந்திருப்பது ஆவி, தீப்பற்றுவதும் ஆவிதான். வெறுந்தாங்கியின் அருகிலும் சிகரெட், கைத்தொலைபேசி, ஒட்டுவேலை கூடாது. ஏற்றுமுன்னும் இறக்குமுன்னும் ஏர்த் கம்பியை முதலில் பூட்டுங்கள். நிலைமின்சாரத்தின் ஒரு சிறு பொறியே போதும். களஞ்சியத்தில் இட்ட முத்திரையை வழியில் எவர் சொன்னாலும் உடைக்க வேண்டாம். "பத்து லீற்றர்தானே" என்று கேட்பவர் நண்பராக இருந்தாலும், கணக்குக் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். முன்பு எங்கிருந்தார் என்ற பேச்சும் அப்போதுதான் எழும்.

கண்ணிவெடி: புதிதாக மீள்குடியேறிய இடங்களில் வீதியின் ஓரத்தை விட்டு இறங்கி வண்டியைத் திருப்ப வேண்டாம். மண்டையோட்டுப் படத்துடன் கூடிய சிவப்புப் பலகை உள்ள இடத்துக்கும் மஞ்சள் நாடா கட்டிய இடத்துக்கும் கிட்டப் போக வேண்டாம். பாரமான வண்டி, ஆட்கள் நடந்தபோது வெடிக்காததையும் வெடிக்கச் செய்யக்கூடும். திருப்ப இடம் இல்லாவிட்டால் உதவியாளரைப் பின்னால் நிற்க வைத்து, வந்த வழியே பின்னோக்கி எடுங்கள்.

7. முதலாளியைச் சந்திக்கும்போது

கேட்கப்படும் கேள்வி எதுவென்று உங்களுக்குத் தெரியும். "இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்?" இதற்குப் பதிலை வீட்டிலேயே பேசிப் பழகுங்கள். பொய் சொல்ல வேண்டாம். கிராமங்களில் எதுவும் மறைவதில்லை. பின்னர் தெரியவந்தால், நீங்கள் இருந்த இடத்தைவிடச் சொன்ன பொய்யே பெரிதாகும். அதேவேளை, எந்தப் பிரிவில் யாருடன் இருந்தீர்கள் என்ற விபரம் இந்த வேலைக்குத் தேவையில்லை. சுருக்கமாகச் சொல்லி, பேச்சை வண்டிக்குக் கொண்டுவாருங்கள். பயிற்சிக்கு ஒரு மாதிரி:

முதலாளி: தம்பி, லைசன்ஸ் எடுத்து எவ்வளவு காலம்?

நீங்கள்: கனரக லைசன்ஸ் எடுத்து ஆறு மாசம் ஐயா. ஆனா லொறி ஓடத் தொடங்கிப் பத்து வருசத்துக்கு மேல.

முதலாளி: எங்க ஓடினீர்?

நீங்கள்: வன்னியில ஐயா. இயக்கத்தில இருந்தனான். புனர்வாழ்வு முடிச்சு வந்திட்டன். இது அந்தச் சான்றிதழின்ர பிரதி.

முதலாளி: பிறகு ஆமி, பொலிஸ் எண்டு எனக்குக் கரைச்சல் வராதோ?

நீங்கள்: உங்கட யோசினை விளங்குது ஐயா. கிராம அலுவலரிட்ட நற்சான்று எடுத்து, பிரதேச செயலாளரின்ர ஒப்பமும் வாங்கி வைச்சிருக்கிறன். நீங்கள் விரும்பினா அவையளிட்டயே கேக்கலாம்.

முதலாளி: பவுசர் ஓடியிருக்கிறீரோ?

நீங்கள்: தண்ணித் தாங்கி ஓடியிருக்கிறன். உங்கட பழைய சாரதியோட ரெண்டு, மூண்டு நாள் உதவியாளா வாறன். ஓட்டத்தைப் பாத்திட்டு முடிவு எடுங்கோ.

கடைசி வாக்கியம் முக்கியமானது. முதலாளியின் பயத்தை வாதாடிப் போக்க முடியாது, ஓட்டத்தைக் காட்டிப் போக்கலாம். ஆனால் "பார்த்து எடுக்கிறேன்" என்று வாரக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை வாங்க இடம் கொடுக்க வேண்டாம்.

ஒருவர் முகத்தைத் திருப்பினால் அடுத்தவரிடம் போங்கள். உங்கள் ஊரில் ஏற்கனவே பவுசர் ஓடும் ஒருவர் சொல்லும் ஒரு நல்ல வார்த்தை, பத்து விண்ணப்பங்களுக்குச் சமம். பிரதேச சபை, அரச நிறுவன வெற்றிடங்கள் பத்திரிகையிலும் வர்த்தமானியிலும் சபையின் அறிவித்தல் பலகையிலும் வரும். அவற்றுக்குக் கல்வித் தகைமை, முடிவுத் திகதி என்பன குறிக்கப்பட்டிருக்கும். பணம் கொடுத்தால் வேலை எடுத்துத் தருகிறேன் என்பவரை நம்பித் தாலியையோ வயலையோ அடகு வைக்க வேண்டாம். வளைகுடா நாட்டுக்குச் சாரதி வேலை என்று எவராவது வந்தால், அவரது முகவர் நிலையம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியப்பட்டதா எனப் பணியகத்திடமே கேளுங்கள்.

8. சம்பளமும் உரிமையும்

வேலை தொடங்கு முன் சம்பளம், வேலை நேரம், விடுமுறை, இரவு ஓட்டத்துக்கான கொடுப்பனவு என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். நியமனக் கடிதம் தராவிட்டால் ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஓடிய இடம், தூரம், நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும். முதலாளி 12 சதவீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். சம்பளம் 30,000 ரூபா என்றால், உங்களிடமிருந்து 2,400 ரூபா, முதலாளியிடமிருந்து 3,600 ரூபா, ஆக மாதம் 6,000 ரூபா சேமலாப நிதிக்குப் போகும். நம்பிக்கை நிதியத்துக்கு 900 ரூபா. உங்களிடம் கழித்துவிட்டு நிதிக்குச் செலுத்தாவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம். புனர்வாழ்வு பெற்றவர் என்பதற்காக இந்த உரிமை குறையாது.

வேலை நேரத்தில் விபத்து ஏற்பட்டால் நட்டஈடு கோரும் சட்டமும் உண்டு. வண்டியின் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகியுள்ளதா என்பதை நீங்களே பாருங்கள். வீதியில் பொலிஸார் நிறுத்தும்போது முதலில் கேட்கப்படுவது உங்களிடம்தான்.

9. குடும்பத்தவர்களுக்கு

வேலை தேடும் நாட்களில் "இன்னும் கிடைக்கவில்லையா?" என்று தினமும் கேட்பதைவிட, கோவையில் எந்தக் கடதாசி குறைகிறது என்று சேர்ந்து பாருங்கள். மாவட்ட அலுவலகத்துக்கு முதல் தடவை போகும்போது கூடப் போங்கள். வரிசையில் நிற்கவும் அதிகாரியின் முன் பேசவும் பலருக்கு இன்னமும் தயக்கம் இருக்கிறது.

வேலை கிடைத்த பின்னர் அவரது உறக்கத்தைப் பாதுகாப்பது உங்கள் பங்கு. அதிகாலை ஓட்டம் உள்ளவருக்கு இரவு ஒன்பது மணிக்குப் பின் வீட்டில் அமைதி வேண்டும். கள்ளோ சாராயமோ அருந்திய நாளின் மறுநாள் காலையில் சாவியைக் கையில் கொடுக்க வேண்டாம். இதை மனைவி சொன்னால் சண்டை வருமென்றால் தாய் சொல்லலாம், தமையன் சொல்லலாம்.

10. இந்த வாரம் செய்ய வேண்டியவை

திங்கள்: கோவை வாங்கி, உள்ள ஆவணங்களை இடுதல். இல்லாதவற்றைப் பட்டியலிடுதல்.
செவ்வாய்: கிராம அலுவலரிடம் நற்சான்றுக்குக் கேட்டல்.
புதன்: பிரதேச செயலகத்தில் மேலொப்பம். அதே நாளில் பிரதேச சபை அறிவித்தல் பலகையைப் பார்த்தல்.
வியாழன்: கச்சேரிக்குச் சென்று மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் உங்களுக்கு உரிய வகுப்பு எது, கட்டணம் எவ்வளவு எனக் கேட்டு எழுதி வருதல்.
வெள்ளி: ஊரில் பவுசர் ஓடும் ஒருவரைச் சந்தித்து, எங்கெங்கே ஆள் தேவை என விசாரித்தல்.
சனி, ஞாயிறு: வீதிக் குறியீடுகளைப் படித்தல். மேலே உள்ள உரையாடலை வீட்டில் ஒருவருடன் பேசிப் பழகுதல்.

ஏதேனும் ஒரு படியில் தடைப்பட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். வாராந்தம் உங்கள் கிராமத்துக்கு வரும் எமது கள அலுவலரிடம் கோவையுடன் வாருங்கள். எந்த அலுவலகத்தில், எந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பதை ஒரு துண்டில் குறித்து வந்தால், அடுத்த நடவடிக்கையைச் சேர்ந்து பார்க்கலாம்.

அடுத்த பாடம்: சிறு வாகனம் வாங்கக் கடன் பெறுமுன் கணக்குப் பார்த்தல்.